மூன்றேமுக்கால் மீன்

சமன் அடையாளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்காத கணக்குப் பக்கத்தை என்னால் வாசிக்க முடியாது. இது வயதால் வந்த வருத்தமல்ல. வயதால் வந்தவை வேறு ஆறு இருக்கின்றன; அவற்றுக்கு நாளொன்றுக்கு ஏழு குளிசை விழுங்குகிறேன். அக்காவின் கடைசி மகள் பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். கணினியில் வினாத்தாள் தயாரிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் சமனுக்கு முன்னால் ஒரு சின்னக் குறியைப் போட்டுவிட்டால், எத்தனை வரியானாலும் அது தானாகவே நேராக நிறுத்திக்கொள்ளும் என்று போன கிழமை எனக்குக் காட்டினாள். நான்கு வரி காட்டினாள். நான்கும் மயிரிழை பிசகாமல் நின்றன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. நாங்கள் பதினெட்டு வரிக்கு மூன்று பகல் எடுத்தோம். அப்படியும் ஒரு பிழை விட்டோம். விட்டது நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கல்முனை றோட்டில், குருக்கள்மடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் வளவு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் அங்கே போய் இருப்பான். அதனால் அம்மாவின் வீடும் பெரியம்மாவின் வீடும் ஒரே வளவில் இருந்தன. இரண்டு வீடு, ஒரு கிணறு, பதினொரு தென்னை, நடுவில் ஒரு கிடுகு வேலி. என் அப்பா திருகோணமலையில் வேலையாக இருந்தார். பாதை திறந்தால் வருவார். பெரும்பாலும் திறக்கவில்லை.

பெரியப்பா பட்டணத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு எழுதுநர். நிவாரணப் பட்டியல்கள் அடிப்பதுதான் அந்த வருடங்களில் அவருடைய வேலை. குடும்பத் தலைவர், பெரியோர், சிறியோர், அரிசி, மா, சீனி என்று நிரல் நிரலாக அடிப்பார். நிரல் கோணினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதைவிட முக்கியமான ஒரு சட்டமும் வைத்திருந்தார்: பட்டியலில் வெற்றிடம் விடக்கூடாது. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு சிறு கோடு போடவேண்டும். இது கந்தோர் வழக்கம்தான், ஆனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு கதையும் சேர்ந்துவிட்டது. வீட்டில் இருப்போர் பட்டியலை எல்லா வீட்டாரும் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அடுத்த ஒழுங்கையில் ஒருவர் கடைசி வரியைச் சும்மா விட்டுக் கொடுத்துவிட்டார். யாரோ அதில் ஒரு பெயரை எழுதிவிட்டான். அந்த மனிதர் தனக்கு இல்லாத மகனுக்காக ஒன்பது நாள் முகாமில் இருந்து பதில் சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு ஊரில் யாரும் ஒரு தாளிலும் வெற்றிடம் விடவில்லை. அம்மா கூப்பன் கடைக்குச் சாமான் எழுதினால்கூட மிச்ச வரிகளில் கோடு போடுவார்.

அக்கா என்றது பெரியம்மாவின் மகளை. அவளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அவளுடைய வகுப்பில் பதினேழு பிள்ளைகள்; அதில் ஐந்து பேர் இப்போது எங்கே என்று கேட்டால் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு விடுதி, எங்கள் கரையிலிருந்து மூன்று பிள்ளைகளை எடுத்து உயர்தரம் படிப்பிக்க முன்வந்தது. கணக்கில் ஒரு போட்டிப் பரீட்சை. முதல் மூன்று பேருக்கு இடம். நாற்பத்தொரு பேர் விண்ணப்பித்தார்கள். பெரியம்மா மூன்று கோயிலில் நேர்த்தி வைத்தார். மகள் பெரிய படிப்புப் படிக்கவேண்டும் என்பது ஒரு பங்கு ஆசை. ஊரைவிட்டுப் போகவேண்டும் என்பது மிச்சம் மூன்று பங்கு.

வினாத்தாளைத் தயாரித்தவர் படுவான்கரையில், வாவிக்கு அப்பால் இருந்த கணக்கு வாத்தியார்; எங்கள் வாயில் சேர். அவருக்குத் தட்டச்சுச் செய்து கொடுக்க இந்தக் கரையில் பெரியப்பாவைவிட்டால் ஆள் இல்லை. மகள் எழுதுகிறாள், எனக்கு ஒண்ணாது என்று பெரியப்பா இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை சேர் தாளை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாளே சங்கக்கடை வரிசையில் பெரியம்மாவுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, கேட்கட்டும் என்றே சொன்னாளாம்:

"தாளை அடிக்கிறவர் அப்பா, எழுதுறவள் மகள். மறுகா என்னகா, முதலாமிடம் வளவுக்குள்ளதான்."

பெரியம்மா சீனி வாங்காமலே திரும்பி வந்தார். பெரியப்பா அதைக் கேட்டார். அக்காவின் பாயையும் தலையணையையும் சுருட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். தாள் முடியும்வரை அவள் வேலியைத் தாண்டக்கூடாது. அக்காவும் தாண்டவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அப்பா, சாப்பிட்டயளா?" என்று கேட்பாள். அவர் அந்தப் பக்கம் நின்று "ஓம்" என்பார். மூன்று நாளும் அவ்வளவுதான் பேச்சு.

என்னை மட்டும் வைத்துக்கொண்டார். எனக்கு ஆயிரம்வரை பிசகாமல் எண்ணத் தெரியும், ஆனால் x, y போட்ட எழுத்துக் கணக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் என் தகுதி. இருந்தாலும் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று பேச்சியம்மன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வினாக்களின் தமிழ் வசனங்களைக் கந்தோரில் இருந்த தமிழ் மெசினில் அடித்து, சமன்பாடு வரும் இடங்களைச் சும்மா விட்டு, ஸ்டென்சில் தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். x, y, z எல்லாம் ஆங்கில மெசினில்தான் வரும். சேர் தன்னிடமிருந்த சின்ன ஆங்கில மெசினை உமி மூட்டைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். அதில் இட அளவு காட்டும் தகட்டில் இலக்கங்கள் தேய்ந்து போயிருந்தன. ஆகவே ஒவ்வொரு தட்டையும் எண்ணவேண்டும். பெரியப்பா முதலில் கட்டக் கொப்பியில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகச் சமன்பாடுகளை எழுதிப் பார்ப்பார். x-இன் கீழ் x, y-இன் கீழ் y, சமனின் கீழ் சமன். பிறகு நான் கட்டங்களை எண்ணிச் சொல்ல, அவர் அடிப்பார். "மூன்று இடம், மறுகா எக்ஸ், ஓர் இடம், சக." கூட்டல் அடையாளத்தை நாங்கள் சக என்போம், கழித்தலைச் சய என்போம். ஸ்டென்சிலுக்கு ரிபன் போடுவதில்லை. எழுத்து மெழுகை வெட்டும், அவ்வளவுதான். அடித்ததைக் காணவேண்டுமானால் தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்கவேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த நாட்களில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து தட்டச்சுச் சத்தம் றோட்டுக்குக் கேட்டால், உள்ளே துண்டுப்பிரசுரம் அடிக்கிறார்கள் என்றுதான் எவனும் நினைப்பான். அதற்குப் பெரியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். யன்னலுக்கு வெளியே உரலைப் போட்டுப் பச்சையரிசி இடித்தார். அவர் இடிக்கும்போது பெரியப்பா அடிப்பார். அவர் கை ஓய்ந்தால் இவர் கையும் ஓயும். "கொஞ்சம் பொறுங்க மனிசன், தோள்மூட்டு கழருது" என்று வெளியிலிருந்து குரல் வரும். "சமன் மட்டும் போட்டிட்டு விடுறன், ஒரு நாலு இடி" என்று இவர் உள்ளே இருந்து கெஞ்சுவார். மூன்று நாளில் பதினான்கு கொத்து அரிசி மாவானது. பிறகு இரண்டு கிழமை இரண்டு வீட்டிலும் காலையும் மாலையும் பிட்டுத்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் கடைசிக் கணக்கு. மூன்று தோணிகளில் பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை முறையே x, y, z. கீழுள்ள சமன்பாடுகளைத் தீர்த்து அவற்றைக் காண்க.

 x +  y + z = 9
2x +  y − z = 3
     3y − z = 5

இரண்டாம் வரி அடித்து முடிந்தபோதே மூன்றாம் வரியின் தொடக்கத்தில் என் கண் போய்விட்டது. கொப்பியில் ஐந்து கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பெரியப்பாவா இப்படி விட்டார்? அந்த ஐந்து இடத்தையும் நான்தான் எண்ணினேன், அவர் தட்டினார், 3y அடித்தார், வரியை முடித்தார். இதைக் கேட்போம் என்று வாயெடுத்த நேரம் றோட்டில் ட்ரக் சத்தம். பிறகு ஒலிபெருக்கி. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு சந்திக்கு வரவேண்டும்.

பெரியப்பா சட்டையைப் போட்டார். பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. நான் சொன்னேன், அவர் திருத்தவில்லை. "மெசினை மூடு மனே" என்று சொல்லிவிட்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்து போனார்.

நான் பனையோலைக் கடகத்தை எடுத்து மெசினை மூடப்போனேன். மூட முடியவில்லை. வீடு வீடாக வருவார்கள், மெசினைக் காண்பார்கள், தாளைக் காண்பார்கள், அதில் ஒரு வெற்றிடத்தைக் காண்பார்கள். இல்லாத மகனுக்கு ஒன்பது நாள் என்றால் இதற்கு எத்தனை நாள்? மெசினில் தாள் ஓடும் வண்டியைப் பிடித்து, வரி மாறாமல், மெதுவாகத் தொடக்கத்துக்குத் தள்ளினேன். மூன்று இடம் தட்டினேன். நான்காவதில், மேலே உள்ள இரண்டு சக அடையாளங்களுக்கும் நேர் கீழே, ஒரு சிறு கோடு அடித்தேன். பெரியப்பா அடித்திருந்தால்கூட அவ்வளவு நேராக விழுந்திருக்காது. பிறகுதான் கடகத்தைக் கவிழ்த்தேன்.

சிப்பாய்கள் இரண்டு பேர் வந்தார்கள். பெரியம்மா மாக் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தார், முகமெல்லாம் மா. ஒருவன் தண்ணீர் கேட்டான். மற்றவன் மாவைப் பார்த்து "பிட்டு?" என்றான். பெரியம்மா தலையாட்டினார். குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் போட்ட கோடுதான் எங்களைக் காப்பாற்றியது என்று எனக்கு ஒரு பெருமை. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

பெரியப்பா இரண்டரை மணித்தியாலம் கழித்து வந்தார். வெயிலில் முழங்காலில் இருத்தியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் ஸ்டென்சிலைக் கழற்றி யன்னலில் பிடித்து, நான் கொப்பியை வாசிக்க, அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்ப்பார். அன்று அதைச் செய்யவில்லை. கழற்றிப் பேப்பரில் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். முதல் பிரதியைச் சேர் பார்த்துவிட்டுத்தான் மிச்சப் பிரதிகளை உருட்டி எடுப்பது என்பது ஏற்பாடு. ஆனால் அந்தக் கிழமை வாவியைக் கடக்கும் மிதவை ஓடவில்லை. பள்ளிக்கூடத்து ரோணியோ மெசினில் நாற்பத்தைந்து பிரதி, சேர் பாராமலே, உருட்டி எடுத்தார்கள்.

பரீட்சை மூன்று மணித்தியாலம், ஏழு கணக்கு. அக்கா திரும்பி வந்து கிணற்றடியில் முகம் கழுவினாள். எப்படி என்று பெரியம்மா கேட்டதற்கு, "தோணிக் கணக்கு நீண்டு போச்சம்மா, மற்றக் கணக்கு ஒண்டுக்கு நேரம் வரல்ல" என்றாள். எனக்கு என்ன தெரியும்? ஒரு கோடு ஒரு கணக்கை நீட்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு பின்னேரம் சேர் சைக்கிளில் வந்தார். விடைத்தாள் கட்டு கரியரில். பெரியம்மா பிட்டும் வாழைப்பழமும் வைத்தார். சேர் சாப்பிடவில்லை. தன் கையெழுத்துத் தாளையும் அச்சான தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாம் வரியில் விரலை வைத்தார்.

"இந்தச் சய எங்கேயிருந்து வந்த? நான் வெறும் மூண்டு வைதானே எழுதினன். முன்னுக்கு ஒரு சய நிண்டா ரெண்டாம் தோணியில சய மூண்டேமுக்கால் மீன் வருது. பிடிக்கிறத விட்டுட்டு, வாவிக்கு இவன் மீன் கடன் குடுக்கணும் போல."

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. தோணிக் கணக்கைச் செய்தவர்கள் எல்லாரும் மீன் பின்னமாக வர, தாங்கள்தான் பிழைவிட்டோம் என்று திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். செய்யாமல் தாண்டிப் போனவர்களுக்கு மற்றக் கணக்குகளுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அந்தக் கணக்கைச் சேர் எல்லாருக்கும் நீக்கிவிட்டார். நீக்கினாலும் போன நேரம் போனதுதானே. அக்கா நாலாவது. மூன்றாவது பிள்ளைக்கும் அவளுக்கும் நான்கு புள்ளி வித்தியாசம்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டு அந்தக் கோட்டை நீண்ட நேரம் பார்த்தார். மூன்று இடம், நான்காவதில் கோடு. பிறகு தாளுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ர கைதான் சேர்," என்றார். "வயசு போகுது."

சேர் பெருமூச்சு விட்டார். "ஒண்டு நல்லது. இனி ஒருத்தனும் உங்களப் பார்த்துக் கதைக்க ஏலா. உங்கட மகளும் அதே மூண்டேமுக்கால்தான் எழுதியிரிக்கா." எழும்பும்போது அக்காவின் விடைத்தாளைக் கட்டுக்குள்ளிருந்து உருவி அவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "கடைசிப் பக்கத்த நான் பார்க்கல்ல புள்ள" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

சேர் போனபின் நான் பெரியப்பாவின் முன்னால் போய் நின்றேன். வெற்றிடம் இருந்தது, அதனால் போட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையில் கையை வைத்தார். "வெற்றிடம் விடப்படாது எண்டு சொன்னது நான்தானே மனே." அதைச் சொல்லிவிட்டு மெசினுக்கு உமி மூட்டை கட்டப் போனார். அவர் சாகும்வரை இதைப் பற்றி இன்னொரு சொல் பேசவில்லை. பெரியம்மாவுக்கும் சொல்லவில்லை. பெரியம்மா கணவனின் கண் பழுதென்று நினைத்து, அதற்கும் ஒரு நேர்த்தி வைத்தார்.

கொழும்புக்கு மூன்று பேர் போனார்கள். அக்காவை அடுத்த தை மாதம் அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். கழுத்தில் தாலி இருந்தால் இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று அப்போது ஒரு நம்பிக்கை. பதினேழு வயது. பிள்ளைகள் நான்கு. கணக்குப் புத்தகத்தைப் பிறகு அவள் திறந்தது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிறு மாலையைப் பற்றி. அழுது முடிந்ததும் எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் என்னவென்று பார்க்கவேண்டும் என்றிருந்தது. அக்கா அடுப்படியில் இருந்தாள். விடைத்தாள் பாய்க்கு மேலே கிடந்தது. திருப்பினேன். செய்து பார்க்கும் பக்கம் அது. மேலே தோணிக் கணக்கின் மூன்று வரியும், மூன்றாம் வரியில் சய இல்லாமல். அந்த இடம் சும்மா இருந்தது. கீழே சமனுக்கு நேராகச் சமன் வைத்து எழுதியிருந்தாள்: x = 2, y = 3, z = 4. ஏழு வரியில் முடித்திருக்கிறாள். அதன்மேல் மூலைக்கு மூலை ஒரே கோடாக வெட்டியிருந்தது. பிறகு முன்பக்கத்தில் அச்சில் உள்ளபடியே, சயவோடு, இருபத்தாறு வரி செய்து, மூன்றேமுக்கால் வரை போயிருக்கிறாள்.

தாளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அக்கா, உனக்குச் சரியா வந்திரிக்கி! ஏன் வெட்டின?"

"சத்தம் போடாத."

"பிழை எண்டு தெரியுமா உனக்கு?"

"பார்த்த உடன தெரியும். ரெண்டு சயவக் கூட்டி ஆராவது அஞ்சு மீன் பிடிப்பானா?" தாளை என் கையிலிருந்து வாங்கினாள். "எல்லாருக்கும் முக்கால் மீன் வரக்குள்ள எனக்கு மட்டும் முழு மீன் வந்தா, அப்பாவ என்னெண்டு கேப்பாங்க?"

"அவர் காட்டல்லையே. காட்டல்ல எண்டு சொன்னாச் சரிதானே?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்தை மட்டும் நூலிலிருந்து கழற்றி, நான்காக மடித்து, அடுப்புக்குள் வைத்தாள். எனக்கு அவளில் கோபம் வந்தது. நான் விட்ட பிழையை அவள் ஏழு வரியில் திருத்திவிட்டு, திருத்தியதை வெட்டிவிட்டு, ஊரில் எல்லாரும் கெட்டிக்காரி என்று சொல்கிற பெயரையும் வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று இருந்தது. விடை சரியென்றால் எழுதவேண்டியதுதானே. அது உனக்கு எப்படித் தெரியும் என்று இந்த ஊரில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அன்று இரவு அவள் அவித்த பிட்டைச் சாப்பிடாமல் படுத்தேன்.